பத்தும் ஒரு பாதியும்

வியாழன் மாலை பேழையைத் திறந்து எண்ணினேன்.
பத்து முழு அப்பம். ஒரு பாதி.
அந்தப் பாதி எப்படி வந்ததென்று நினைவில்லை.
போன ஞாயிறு யாருக்கோ
பாதி போதுமென்று தோன்றியிருக்கும்.

துறைமுகத்தை மூடி இருபது நாள்.
கடற்படைக்காரன் வானொலியில்
வடமேற்குக் காற்று என்கிறான் தினமும்,
மாமியாரைப் பற்றிப் பேசுகிறவன்போல.
லெயாந்த்ரோ சாமியாருக்கு இருபத்து மூன்று தீவு, ஒரே படகு.
சிலோயேயில் கடவுள் வருவதென்றாலும்
அலை வழிவிட வேண்டும்.

விரல்விட்டு ஆட்களை எண்ணினேன்.
மன்சீயா வீட்டில் ஐந்து.
பார்ரியா வீட்டில் ஏழு,
மருமகள் வந்திருக்கிறாள், எட்டு.
மட்டிப் பண்ணைப் பையன்கள் நான்கு, எழுந்து வந்தால்.
மேட்டுவீடுகள் எல்லாம் சேர்த்து இருபத்து மூன்று.
படுக்கையில் கிடக்கும் எதெல்மிரா.
நான்.
நாற்பத்து இரண்டு.
பத்தையும் பாதியையும் கால் கால் ஆக்கினால்
அதுவும் நாற்பத்து இரண்டு.
இவ்வளவு சரியாக வந்ததில்
எனக்கே கொஞ்சம் பயம்.

நிபால்தோவை எண்ணவில்லை.
மறந்தேன் என்றால் பொய்.

சால்மன் ஆலையில் வேலைநிறுத்தம் நடந்த
முப்பத்தொரு நாளும்
அவன் படகுதான் தீவனம் ஏற்றிப் போனது.
என் கணவர் கரையில் டயர் எரித்துக்கொண்டு நின்றார்.
அவன் எங்களைப் பார்த்துக் கையசைக்கவில்லை,
அவ்வளவு மரியாதை இருந்தது அவனிடம்.
அதன்பின் கோயிலில் அவன் பெஞ்சில்
அவனும் ஈரக் குடையும்.
பிறகு அதுவும் இல்லை.

சனிக்கிழமை மெழுகு போட்டுத் தரை தேய்த்தோம்.
கூரைப்பலகை வழியாக மழை
அந்தோனியார் தோளில் சொட்டிக்கொண்டிருந்தது.
ஒர்ஃபெலினா அவரை ஒரு முழம் நகர்த்திவிட்டு
அவர் இடத்தில் வாளியை வைத்தாள்.

ஞாயிறு. மூன்றாம் மணிக்கு
நனைந்த கம்பளி நாற்றத்தோடு எல்லோரும் உள்ளே.
பண்ணைப் பையன்கள் நான்கு பேரும் வந்துவிட்டார்கள், பாவிகள்.
தூண்டில் நரம்பால் காது கட்டிய கண்ணாடியோடு
எலிசேயோ நற்செய்தி வாசித்தார்.
மறையுரை வாட்ஸாப்பில் வந்திருந்தது.
சாமியார் பேசப் பேச, பின்னால் யாரோ
பாத்திரம் கழுவும் சத்தம்.
நடுவில் எலிசேயோவுக்குப் போன் வந்து
கடுகுவிதை பாதியில் நின்றது.
அந்த மௌனம் நன்றாயிருந்தது.

கிறிஸ்துவின் உடல். ஆமென்.
நகத்தளவு. நாக்கில் படுமுன் கரைவது.
பார்ரியா தன் உள்ளங்கையைப் பார்த்தார்,
பிறகு என்னைப் பார்த்தார்,
ரேஷனா என்பதுபோல.

முடிந்ததென்று கிண்ணத்தை மூடப் போனேன்.
கதவருகே ரப்பர் பூட்ஸ் சத்தம்.
கிண்ணத்தில் எதெல்மிராவின் கால் மட்டும்.

வந்து நின்றான். இடக்கை மேலே, வலக்கை கீழே.
ரேகையெல்லாம் டீசல்.
அவன் முதுகுக்குப் பின்னால்
நாற்பது பேர் இருமாமல் இருந்தார்கள்.

காலை அரைக்காலாக்குவது எப்படியென்று
எந்த மறைக்கல்வியிலும் சொல்லித் தரவில்லை.
உடைத்தேன்.
எனக்கு மட்டும் கேட்கிற சத்தம்.
கிறிஸ்துவின் உடல் என்றேன்,
கடன் கொடுக்கிறவள் குரலில்.
ஆமென் என்றான்.
அரைக்காலும் முழுசுதான், திருச்சபை சொல்கிறது.
நான் நம்புகிறேன்.
விரல்களுக்குத்தான் நேரமானது.

பிறகு அடுப்பைச் சுற்றிக் காபி.
யாரும் அவனோடு பேசவில்லை.
என் கணவர் மேசை ஓரத்தில் ஒரு கோப்பையை வைத்தார்.
கொடுக்கவில்லை, வைத்தார்.
அவன் எடுத்துக் குடித்தான்.
சர்க்கரை போட்டதா, தெரியாது.

இவ்வளவுதானா என்றாள் எதெல்மிரா.
கடல், என்றேன்.
வாங்கிக் கண்ணை மூடியவள்
மூடியபடியே கேட்டாள்: யார் யார் வந்தார்கள்?
எல்லோரும், என்றேன்.

இருட்டும்முன் திரும்பிவந்து
காலிப் பேழையின் கதவைத் திறந்தே வைத்தேன்.
விளக்கை ஊதி அணைத்தேன்.
சாமியாருக்குச் செய்தி அனுப்பினேன்:
காற்று நின்றதும் வாருங்கள்.
நாற்பத்து மூன்று பேர்.
தரை மெழுகு ஒரு டின்.
அந்தோனியார் தோளுக்குக் கொஞ்சம்
பழுப்புப் பெயின்ட்.